உளிக்குத்துகள் அடைபட்ட கதை: அனிமேஷன் படத்தை எக்ஸ்போர்ட் செய்து நான் பட்ட பாடுகள்

நாகர்கோவிலில் என் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக அனிமேஷன் வேலை செய்து வருகிறேன். கல்யாண வீடியோக்களுக்குத் தலைப்பு எழுத்து, பள்ளி ஆண்டுவிழாவுக்குச் சிறு படம், ஊர்த் திருவிழாக்களின் எல்.இ.டி. திரையில் ஓட வேண்டிய காட்சிகள் என்று கைக்கு வருகிற வேலைகள்தாம் பெரும்பாலும். அவற்றுக்கு நடுவே, 2019இல், யாரும் கேட்காமல் எனக்காகவே ஒரு வேலை செய்தேன். நம் மாவட்டத்தில் இன்றும் தோல்பாவைக்கூத்து நடத்தும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த மூத்த கலைஞர் ஒருவர், தம்முடைய பாவைகள் சிலவற்றைப் பின்னால் விளக்கு வைத்துப் படமெடுத்துக்கொள்ள எனக்கு அனுமதி தந்தார். தலை, கை, இடுப்பு என்று மூட்டு மூட்டாக அவற்றைக் கணினியில் பிரித்து, அசையவிட்டு, நான்கு நிமிடப் படமாக்கினேன்.

முடித்த அன்றே வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் பாராட்டை எதிர்பார்த்து நேரில் போனேன். அவர் கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் வைத்து இரண்டு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, எங்க உளிக்குத்து எல்லாத்தையும் அடச்சுட்டியளே?” என்று கேட்டார்.

தோல்பாவையைக் கிட்ட வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் சிறுசிறு உளிகளால் வரிவரியாகத் துளையிடுவார்கள். திரைக்குப் பின்னால் விளக்கு எரியும்போது அந்தத் துளைகள்தாம் கிரீடத்தின் மணிகளாகவும் புடவையின் கரையாகவும் ஒளிரும். அவருடைய கைப்பேசியில் இருந்த என் படத்திலோ, மணிகள் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் சாந்தைத் தேய்த்துவிட்டதுபோல ஒரு மங்கல் மட்டுமே இருந்தது. என் கணினியில் இருந்த மூலக்காட்சியில் ஒவ்வொரு துளையும் தெளிவாகத்தான் இருந்தது. இடையில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, அதே படத்தை நான் நான்கு தடவை நசுக்கியிருக்கிறேன் என்பது புரிந்தது. அனிமேஷன் மென்பொருளிலிருந்து நேரே எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் செய்தது முதல் தடவை. அந்த எம்பி4ஐ எடிட்டிங் மென்பொருளில் போட்டு இசை சேர்த்து மீண்டும் எம்பி4 ஆக எடுத்தது இரண்டாம் தடவை. அளவு பெரிதாக இருக்கிறதே என்று ஒரு கன்வெர்ட்டரில் போட்டுச் சுருக்கியது மூன்றாம் தடவை. கடைசியாக வாட்ஸ்அப் தன் பங்குக்குச் சுருக்கியது நான்காம் தடவை.

எச்.264 போன்ற கோடெக்குகள், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறைகள், செய்வது இழப்புள்ள சுருக்கம். எறிந்ததைத் திரும்பப் பெற வழியில்லை. எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னால், கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்தால் இனிப்புத் தண்ணீர் கிடைக்குமே தவிர அக்கானி (பதநீர்) கிடைக்காது. ஆனால் சுருக்காமலும் இருக்க முடியாது. 1920×1080 அளவுள்ள ஒரு ஃப்ரேமுக்கு, ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 6.2 எம்பி வரும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 149 எம்பி. என் நான்கு நிமிடப் படம் சுமார் 36 ஜிபி ஆகிவிடும். அதை யாருக்கும் அனுப்ப முடியாது, சாதாரணக் கணினியில் தடங்கலின்றி ஓட்டவும் முடியாது. ஆகவே எந்தக் கட்டத்தில், யாருக்காகச் சுருக்குகிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. “எந்த ஃபார்மட் சிறந்தது?” என்று என்னிடம் கேட்பவர்களிடம், “யார் திறந்து பார்க்கப் போகிறார்?” என்று திருப்பிக் கேட்பதே என் வழக்கமாகிவிட்டது.

எம்பி4, எம்ஓவி, ஏவிஐ, எம்கேவி என்பவை வெறும் பெட்டிகள்; பெட்டிக்குள் படம் எந்த முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வது கோடெக். ஒரே எம்ஓவி பெட்டிக்குள் எச்.264உம் இருக்கலாம், ப்ரோரெஸ்ஸும் இருக்கலாம். வாடிக்கையாளர் “எம்ஓவி குடுங்க” என்று கேட்டால் பாதிச் செய்திதான் கிடைத்திருக்கிறது என்று பொருள்.

பாவைப் படத்தில் துளைகள் ஏன் முதலில் செத்தன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேமராப் படத்துக்கும் அனிமேஷனுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் வீடியோ கோடெக்குகள் பெரும்பாலும் கேமரா எடுத்த காட்சியை மனத்தில் வைத்து உருவானவை. இயற்கைக் காட்சியில் விளிம்புகள் கொஞ்சம் மென்மையாக இருக்கும், நிறங்கள் மெல்ல மாறும், சிறு பிழைகள் இலைக்கும் தோலுக்கும் இடையில் மறைந்துவிடும். அனிமேஷனிலோ கத்தியால் வெட்டியதுபோன்ற விளிம்பு, அதற்கு அப்பால் ஒரே தட்டை நிறம். கோடெக் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் இருக்கும் நுண்விவரங்களைத்தான் முதலில் கைவிடுகிறது. பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவு, போதாதபோது கூர்மையான கோட்டைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல அழுக்குப் புள்ளிகள் தோன்றும். தட்டை நிறத்தின் மேல் அவை ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

இதற்கு மேல் நிறத்தின் கதை ஒன்று உண்டு. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் போகிற வீடியோ பெரும்பாலும் 4:2:0 என்ற முறையில் இருக்கும். வெளிச்சத்தின் அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியே பதிவாகும். நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பதிவாகும். நம் கண் நிறத்தைவிட வெளிச்சத்தையே கூர்மையாகப் பார்க்கும் என்பதால் கேமராப் படத்தில் இது உறுத்துவதில்லை. ஆனால் எச்.டி. வீடியோவின் கணக்கில் வெளிச்சத்துக்குப் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 மட்டுமே. ஆகவே கறுப்புப் பின்னணியில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு வரைந்தால், அந்தக் கோட்டின் உருவம் பெரும்பாலும் நிறப்பதிவில்தான் இருக்கிறது. நிறப்பதிவோ கால் பங்காகிவிட்டது. தோல்பாவைகளில் சிவப்பும் கறுப்பும் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது தலைப்பு எழுத்துக்களைக் கருநீலத்தின் மேல் சிவப்பில் எழுதச் சொல்லி யாராவது கேட்டால், ஓரத்தில் இரண்டு பிக்சல் அளவுக்கு வெளிர்மஞ்சள் கரை கட்டிவிடுகிறேன். கரைக்கு வெளிச்சம் உண்டு. எழுத்து நிமிர்ந்து நிற்கும்.

படத்தை மறுபடி எக்ஸ்போர்ட் செய்தபோது முறையை முழுவதும் மாற்றினேன். அனிமேஷன் மென்பொருளிலிருந்து வீடியோவாக எடுக்காமல், ஒவ்வொரு ஃப்ரேமையும் இழப்பில்லாத பிஎன்ஜி படமாக எடுத்தேன். நான்கு நிமிடத்துக்கு 5,760 கோப்புகள். மொத்தம் ஏறத்தாழ 9 ஜிபி. இசை சேர்ப்பதும் வெட்டுவதும் அந்த வரிசையைக் கொண்டே நடந்தது. எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ஒரே ஒரு தடவை, எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் மூலமாக எச்.264 ஆகச் சுருக்கினேன். அதிலும் பிட்ரேட்டை ஓர் எண்ணில் கட்டிவைக்காமல் சிஆர்எஃப் என்ற தர அளவைப் பயன்படுத்தினேன். 0 முதல் 51 வரை போகும் இந்த அளவில் எண் குறையக் குறையத் தரம் கூடும். அதற்குள் எச்.264 சுருக்கத்தைச் செய்யும் எக்ஸ்264 என்ற நிரல் தானாக எடுத்துக்கொள்வது 23. நான் 16 வைத்தேன்.

நிலையான பிட்ரேட்டைவிட இது அனிமேஷனுக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அனிமேஷன் செய்யும் நம்மில் பலர் வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துகிறோம். பாவை அசையாமல் நின்று வசனம் பேசும் இடங்களில் வாய் மட்டுமே மாறுகிறது. முந்தைய ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே எழுதிவைக்கும் கோடெக்குக்கு இவை கிட்டத்தட்டச் செலவே இல்லாத காட்சிகள். அடுத்த காட்சியில் மழை பெய்யத் தொடங்கினால் கதை தலைகீழாகிவிடும்: ஆயிரம் துளிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புது இடத்தில். சிஆர்எஃப் முறையில் பேச்சுக் காட்சி மிச்சப்படுத்தும், மழைக் காட்சி தேவையான அளவு எடுத்துக்கொள்ளும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் கதை எழுதுகிறவர்களுக்கு மழைக் காட்சியைத் தவிர்க்கச் சொல்லி அறிவுரை கூறுவதில் பயனில்லை.

எக்ஸ்264இல் அனிமேஷனுக்கென்றே ஒரு ட்யூன், அதாவது முன்கூட்டியே பொருத்திவைத்த அமைப்பு, உண்டு. தட்டை நிறங்களில் வரையும் கார்ட்டூனுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கட்டங்களின் ஓரத்தை மென்மையாக்கும் வேலையை அது கொஞ்சம் கூடுதலாகச் செய்யும். துளைகள் நிறைந்த என் பாவைகளுக்கு அது இல்லாமல் எடுத்த பிரதியே மேலாக இருந்தது. பெயரைப் பார்த்து எதையும் சேர்த்துவிடாமல், படத்திலேயே மிக நுணுக்கமான பத்து நொடியை வெட்டியெடுத்து இரண்டு விதமாகவும் எக்ஸ்போர்ட் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஃப்ரேம் வரிசையாக எடுக்க வேண்டும் என்பதை உண்மையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நான் கற்றிருக்க வேண்டும். 2017 நவம்பர் 29ஆம் தேதி இரவு, ப்ளெண்டர் என்ற மென்பொருளில் ஒரு முப்பரிமாணக் காட்சியை நேரடியாக எம்பி4 ஆக ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் ஒக்கி புயல். மரங்கள் விழுந்து, மின்கம்பங்கள் சாய்ந்து, எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப ஒன்பது நாளாயிற்று. கடலுக்குப் போனவர்களைத் தேடி ஊர் ஊராக மக்கள் அழுதுகொண்டிருந்த நாட்களில் என் கோப்பு போனதைப் பற்றி வாய் திறக்கவே கூசியது. இப்போதும் கொஞ்சம் கூசுகிறது. மின்சாரம் வந்தபின் திறந்து பார்த்தால் கோப்பு இருந்தது, பல எம்பி அளவும் இருந்தது, ஆனால் எந்தப் ப்ளேயரிலும் ஓடவில்லை. ‘மூவ் ஆட்டம்’ இல்லை என்ற செய்தி மட்டும் வந்தது. எந்த ஃப்ரேம் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எம்பி4இல் அது வழக்கமாக எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் எழுதப்படும். ஏறத்தாழ 700 ஃப்ரேம் முடிந்திருந்தும் அட்டவணை எழுதப்படாததால் அத்தனையும் வீண். பிஎன்ஜி வரிசையாக எடுத்திருந்தால் 701இலிருந்து தொடர்ந்திருப்பேன். மென்பொருள் நடுவில் மூடிக்கொண்டாலும் இதே கதைதான், அதற்குப் புயல் தேவையில்லை.

அட்டவணையைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கத்தில் வைக்கப்போகும் எம்பி4 என்றால், அந்த அட்டவணையைக் கோப்பின் தொடக்கத்துக்கு நகர்த்தும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்’ தெரிவை இட வேண்டும். இல்லையென்றால் சில இடங்களில் முழுக் கோப்பும் இறங்கிய பிறகே படம் ஓடத் தொடங்கும்.

தரத்தில் ஒருமுறை அடிபட்டவன் அடுத்து எதிர்ப்பக்கம் சாய்வது இயல்பு. கடற்கரை ஊர் ஒன்றின் ஆலயத் திருவிழாவுக்கு எல்.இ.டி. திரையில் ஓட்ட ஒரு படம் கேட்டார்கள். இம்முறை ஒரு துளியும் இழக்கக்கூடாது என்று ‘லாஸ்லெஸ்’ என்ற தெரிவைப் போட்டு எச்.264 ஆகவே எடுத்து, பென் டிரைவில் கொண்டுபோனேன். திருப்பலி முடிந்து மக்கள் நாற்காலிகளில் அமர்ந்துவிட்டார்கள். ஆப்பரேட்டர் தம்பி இரண்டு முறை முயன்றுவிட்டு, “அண்ணே, சத்தம் வருது, படம் வரமாட்டேங்கு. வேற காப்பி உண்டுமா?” என்றார். வேறு பிரதி என்னிடம் இல்லை. வீட்டுக்கு வண்டியை ஓட்டி, வேறு விதமாக எடுத்துத் திரும்பி வருவதற்குள் நிகழ்ச்சி நிரலில் இரண்டு நடனங்கள் முந்திக்கொண்டன.

எச்.264இல் இழப்பற்ற சுருக்கம் என்பது ‘ஹை 4:4:4 ப்ரெடிக்டிவ்’ என்ற தனி ப்ரொஃபைலில் மட்டுமே இருக்கிறது. கணினியில் இருக்கும் விஎல்சி ப்ளேயர் அதை மென்பொருளாலேயே பிரித்து ஓட்டிவிடும். தொலைக்காட்சி, மீடியா ப்ளேயர் பெட்டி, கைப்பேசி முதலியவற்றில் வீடியோவைப் பிரிப்பதற்கென்று இருக்கும் சில்லுகளுக்குப் பொதுவாக அந்த ப்ரொஃபைல் தெரியாது. எச்.264 என்ற பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே பல கிளைகள். முன்பின் தெரியாத திரைக்குக் கொடுப்பதென்றால் எம்பி4 பெட்டி, எச்.264 ஹை ப்ரொஃபைல், 8 பிட், 4:2:0, ஏஏசி ஒலி என்பதைத் தாண்டி நான் இப்போது போவதில்லை. பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது என்பதையும் அன்று இரவு அவசரத்தில்தான் கற்றேன்.

அந்தத் தம்பி பின்னொரு நாள் சொன்ன குறை ஒன்று உண்டு: நடுவில் ஓர் இடத்துக்குத் தாவினால் படம் வேறெங்கோ போய் நிற்கிறதாம். முழுப் படமாகப் பதிவாகும் கீஃப்ரேம்கள் இருக்கும் இடங்களுக்கே பல ப்ளேயர்கள் தாவும்; எக்ஸ்264 தன்னியல்பில் 250 ஃப்ரேம் வரை கீஃப்ரேம் இல்லாமல் ஓட்டும், அதாவது பத்து நொடிக்கு மேல். மேடைக்குப் போகும் கோப்புகளுக்கு அதை 24 ஆக்கிவிட்டேன். கோப்பு கொஞ்சம் பெருக்கும், பெருக்கட்டும்.

அடுத்து சூரியன். இந்த மாவட்டத்தில் அனிமேஷன் செய்கிறவன் சூரியனிடமிருந்து தப்ப முடியாது. உதயமோ அஸ்தமனமோ இல்லாத கன்னியாகுமரிப் படத்தை எந்த வாடிக்கையாளரும் ஏற்பதில்லை. செம்மஞ்சளிலிருந்து கருநீலத்துக்கு மெல்ல மாறும் வானத்தை அழகாகப் பூசி எக்ஸ்போர்ட் செய்தால், பெரிய திரையில் வானம் படிக்கட்டுபோல வரிவரியாகத் தெரியும். 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தாம். இருண்ட வானத்தில் மேலிருந்து கீழே 40 படிதான் மாற்றம் என்றால், 1080 வரிசையில் ஒவ்வொரு படியும் 27 வரிசை அகலமுள்ள பட்டையாகிவிடும். கோடெக் இருண்ட பகுதிகளில் சிறு மாற்றங்களைத் தின்றுவிடுவதால் பட்டைகள் இன்னும் அகலும். பிட்ரேட்டை ஏற்றினால் சரியாகும் என்று நினைத்து நான் பல இரவுகளை வீணாக்கினேன். சரியாகாது, ஏனென்றால் பட்டைகள் மூலத்திலேயே இருக்கின்றன. 16 பிட்டில் வரைந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய மணல்போன்ற க்ரெய்னை வானத்தின் மேல் மட்டும் தூவினேன். பட்டைகளின் ஓரம் கலைந்துவிட்டது. க்ரெய்னைக் கோடெக் தின்றுவிடாமல் இருக்க சிஆர்எஃப் எண்ணைக் குறைவாக வைக்க வேண்டும். பார்ப்பவரின் கருவி, எச்.264க்கு அடுத்து வந்த கோடெக்கான எச்இவிசியை 10 பிட்டில் ஓட்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் அது இன்னும் நல்ல வழி.

பிஎன்ஜி வரிசையிலிருந்து எடுத்த வீடியோவில் குங்குமச் சிவப்பு செங்கல் பக்கமாகச் சாய்வதையும் பார்த்தேன். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் ஆர்ஜிபி படத்தைப் பழைய எஸ்.டி. தொலைக்காட்சிக்குரிய பிடி.601 கணக்கில் மாற்றுகிறது, ப்ளேயரோ எச்.டி. அளவைப் பார்த்து பிடி.709 என்று எடுத்துக்கொள்கிறது. மாற்றும்போதே பிடி.709 என்று சொல்லி, கோப்பிலும் அந்த முத்திரையைக் குத்திவிட்டால் தீர்ந்தது.

மார்த்தாண்டம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களுக்குத் தலைப்பு எழுத்து செய்து கொடுக்கும்போது வேறு விதமான சிக்கல். எழுத்துக்குப் பின்னால் வெறுமை வேண்டும். அவர்கள் அதன் கீழ் மணமக்களின் வீடியோவை வைப்பார்கள். வழக்கமான எச்.264 கோப்பில் அந்த வெறுமையைக் குறித்துவைக்கும் ஆல்ஃபா என்ற பதிவு நிற்காது, எழுத்து கறுப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். ப்ரோரெஸ் 4444 எம்ஓவி அல்லது பிஎன்ஜி வரிசை, இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கிறேன். எழுத்தின் ஓரத்தில் கரிபோல ஒரு கோடு தெரிகிறது என்று அவர்கள் சொன்னால், ஆல்ஃபாவை ‘ஸ்ட்ரெயிட்’, ‘ப்ரீமல்டிப்ளைட்’ என்ற இரண்டில் எதுவாக எடுத்துக்கொள்வது என்ற தெரிவை அவர்கள் மென்பொருளில் மாற்றச் சொல்கிறேன். பெரும்பாலும் அதோடு போய்விடும்.

ஃப்ரேம் எண்ணிக்கையை வேலை தொடங்கும்முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றுக்கு 24இல் செய்த படத்தைக் கொடுத்தேன். அவர்கள் ஓட்டுவது 25. அவர்களுடைய மென்பொருள் நொடிக்கு ஒரு ஃப்ரேமை இரட்டித்துக் கணக்கைச் சரிக்கட்டியதில், படகு நகரும் காட்சி நொடிக்கொரு தடவை தட்டுத்தடுமாறியது. அகல, உயர அளவுகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதும் இப்படித்தான் தெரிந்தது: 1366×768ஐப் பாதியாக்கினால் 683 வருகிறது, 4:2:0 எச்.264 அதை ஏற்காது.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டரில் பிஎன்ஜி வரிசை இருக்கும், இன்னொன்றில் அதிலிருந்து நேரே எடுத்த பிரதிகள் இருக்கும். ஒரு பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுப்பதில்லை. யூடியூப் எப்படியும் மறுபடி சுருக்கும் என்பதால் அதற்குத் தாராளமான பிரதி. வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புகிறேன், அப்போது அது கோப்பைத் தொடுவதில்லை. வளைகுடாவில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பப்போகும் வாடிக்கையாளரிடமும், “நீங்களும் டாக்குமென்ட்டாவே அனுப்புங்க” என்று மறக்காமல் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் “படம் மங்கல்” என்று துபாயிலிருந்து அழைப்பு வருவது எனக்குத்தான்.

புதிதாக எடுத்த பாவைப் படத்தை ஒரு பென் டிரைவில் போட்டு, அந்தப் பெரியவர் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே ஓட்டிக் காட்டினேன். கிரீடம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எழுந்து போய்த் திரையில் விரல் வைத்து வரி வரியாக எண்ணினார். “துளை எல்லாம் இருக்கு. ஆனா கிரீடத்துல ஒரு வரி குறையுதே தம்பி, இது நீங்க விட்டதுதான?” என்றார். தலையைத் தனியே வெட்டி எடுத்தபோது நான் ஓரத்தைக் கொஞ்சம் கூடுதலாக நறுக்கியிருக்கிறேன். முன்பு எல்லாமே மங்கலாக இருந்ததில் அது யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பாவை தலைகாட்டுவது 312 ஃப்ரேம்களில் மட்டுமே. வீட்டுக்கு வந்து தலையைச் சரிசெய்து, அந்த 312 பிஎன்ஜிகளை மட்டும் மறுபடி ரெண்டர் செய்து, பழைய எண்களின் மேலேயே எழுதவிட்டேன்.